கழிவில் கூட்டாளிகள்

திருப்பூரில் சாயப்பட்டறை நடத்தும் இருவர் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாத விஷயங்கள் நிறைய உண்டு. எந்த எக்ஸ்போர்ட்டரிடம் ஆர்டர் எடுத்திருக்கிறார், கிலோவுக்கு என்ன ரேட் பேசினார், அடர்நீலத்துக்கு எந்தக் கம்பெனிச் சாயத்தை எத்தனை சதவீதம் போடுகிறார் என்பதெல்லாம் தொழில் ரகசியம். ஆனால் அதே இருவரும் ஒரு நிறுவனத்தில் பங்குதாரர்களாக இருப்பார்கள். அந்த நிறுவனம் துணி நெய்வதில்லை, சாயம் விற்பதில்லை. இருவருடைய பட்டறைகளிலிருந்தும் வரும் கழிவுநீரை வாங்கிச் சுத்தம் செய்வது மட்டுமே அதன் வேலை. இப்படிப்பட்ட பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் திருப்பூரில் 18 இருக்கின்றன. எல்லாமே பட்டறைக்காரர்கள் பங்கு போட்டு நடத்தும் கம்பெனிகள்.

இந்தியத் தொழில்துறை சுற்றுச்சூழலுக்காகக் கைகோத்த கதையை எழுதுகிறவர்கள் வழக்கமாக மாநாட்டு மேடையிலிருந்து தொடங்குவார்கள். ஹைதராபாத்தில் இந்தியத் தொழில் கூட்டமைப்பின் பசுமைத் தொழில் மையத்தை 2004-ல் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் திறந்துவைத்தது, பெரிய குழுமங்கள் கார்பன் சமநிலைக்கு நாள் குறித்தது, ஆண்டறிக்கைகளின் பளபளப்பான பக்கங்கள் என்று அந்த வரலாறு நகரும். அதில் பொய் இல்லை. ஆனால் போட்டிக் கம்பெனிகள் உண்மையிலேயே பணத்தைப் பொதுவில் போட்டு, ஒருவர் தவறினால் மற்றவரும் மாட்டிக்கொள்ளும்படி கட்டுண்டு வேலை செய்த இடங்களைத் தேடினால், மேடையை விட்டு இறங்கிக் குழாயும் தொட்டியும் இருக்கும் இடத்துக்குத்தான் வரவேண்டியிருக்கிறது. எங்கே இந்தக் கூட்டு நிலைத்தது, எங்கே காகிதத்தோடு நின்றது, ஏன் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

திருப்பூரின் சிக்கலுக்கு மூலம் உப்பு. பருத்திப் பின்னலாடைக்குப் பயன்படும் ரியாக்டிவ் சாயங்கள் நூலிழையில் ஏற வேண்டுமானால் உப்பு வேண்டும். நிறத்தின் அழுத்தத்தைப் பொறுத்து, லிட்டருக்கு 30 கிராமிலிருந்து 80 கிராம் வரை, சில சமயம் அதற்கு மேலும் போடுவார்கள். கடல்நீரில் இருப்பது லிட்டருக்குச் சுமார் 35 கிராம்தான். சாயத்தில் ஒரு பகுதி துணியில் ஏறாமல் நீரோடு போய்விடும். உப்போ முழுவதுமாகவே போகும். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேரும் நொய்யல், பல ஆண்டுகள் இந்த உப்பைத்தான் சுமந்தது.

அரசின் கண்ணுக்கும் பட்டறைக்காரர் கண்ணுக்கும் முதலில் பட்டது நிறம்தான். 1990-களில் மத்திய, மாநில அரசுகளின் மானியத்தோடு எழுந்த முதல் தலைமுறைப் பொது நிலையங்கள் சுண்ணாம்பும் பெர்ரஸ் சல்பேட்டும் போட்டு நிறத்தை ஓரளவு எடுத்தன. தெளிந்த நீர் ஆற்றில் விழுந்தது. அதில் உப்பு அப்படியே இருந்தது. நீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. அந்த விதியை நிறைவேற்றும் இயந்திரம் எதுவும் அந்த நிலையங்களில் இல்லை. கூட்டாகச் சேர்ந்தார்கள், கூட்டாகவே பாதி வேலையோடு நிறுத்திக்கொண்டார்கள். பின்னர் வந்த வழக்குகள் அனைத்துக்கும் விதை இங்கேதான் விழுந்தது.

அந்தப் பாதி வேலையின் விலை கீழ்மடைக்காரர் தலையில் விடிந்தது. நொய்யலின் குறுக்கே 1990-களின் தொடக்கத்தில் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சுமார் 20 ஆயிரம் ஏக்கருக்குப் பாசனம் தருவதற்காக எழுந்தது. சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவின் தேக்கமாகிவிட்டது. அணையில் தண்ணீர் நிற்கட்டும் என்று கேட்க வேண்டிய விவசாயிகள், தேக்காதே, எங்கள் நிலத்துக்கும் விடாதே என்று கேட்கும் நிலை வந்தது. கிணற்று நீர் உப்பாகி, தென்னை காய்ப்பு குறைந்து, மாடு குடிக்க நீரில்லாமல் போனது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி அமைந்த சூழலியல் இழப்பு ஆணையம் 2004-ல் கணக்குப் பார்த்து, 28,596 விவசாயிகளுக்குச் சுமார் 24.8 கோடி ரூபாய் இழப்பீடு என்று தீர்மானித்தது. வகுத்துப் பாருங்கள்: தலைக்கு 9 ஆயிரம் ரூபாய்கூடத் தேறவில்லை. ஆண்டுக்குப் பல்லாயிரம் கோடிக்கு ஏற்றுமதி செய்யும் ஒரு நகரம், தன் ஆற்றுக்குக் கீழே இருந்தவர்களுக்குத் தந்த விலை அது.

பிறகு நீதிமன்றம் விடவில்லை. நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில், ஒரு சொட்டும் வெளியேற்றாத ஜீரோ டிஸ்சார்ஜ் முறைக்கு 2007 ஜூலைக்குள் மாறவேண்டும் என்றது. அதுவரை வெளியேற்றும் நீருக்கு லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கி 10 பைசா வரை அபராதம் விதித்தது. அபராதம் ஏறிக்கொண்டே போகும் விதத்தில் அமைத்ததைக் கவனிக்க வேண்டும். பட்டறைக்காரர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2009 அக்டோபரில் அங்கும் தீர்ப்பு மாறவில்லை. கெடு தள்ளிப்போயும் வேலை முடியாமல் இருந்ததால், நீதிமன்ற அவமதிப்பு மனுவில் 2011 ஜனவரி 28 அன்று திருப்பூரின் எல்லாச் சாய, சலவைப் பட்டறைகளையும் மூடச்சொல்லி உத்தரவு வந்தது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகளின் மின்இணைப்பு ஒரே மூச்சில் துண்டிக்கப்பட்டது. ஒழுங்காக நடத்தியவர், நடத்தாதவர் என்ற பாகுபாடு கிடையாது.

இந்தப் பாகுபாடு இல்லாமைதான் அந்த உத்தரவின் கொடுமை. எல்லாவற்றையும் மாற்றியதும் அதுதான். தனித்தனியாக நல்ல பெயர் வாங்கும் வழி அடைபட்டுவிட்டது. பக்கத்துப் பட்டறைக்காரன் இரவில் கள்ளத்தனமாகத் திறந்துவிடும் மதகு தன் தொழிலையும் மூடும் என்று ஒவ்வொருவருக்கும் புரிந்த பிறகுதான் பொது நிலையம் என்பது மானியம் வாங்க வைத்த பெயர்ப்பலகையாக இருந்த நிலை மாறியது. மாநில அரசு வட்டியில்லாக் கடனாக 200 கோடி ரூபாய் தந்தது. அதோடு சேர்ந்து தொழில்நுட்பமும் கூடிவந்தது.

வீரபாண்டி, அருள்புரம், சின்னக்கரை, மண்ணரை என்று இந்த நிலையங்களை ஊர்ப்பெயராலேயே அழைக்கிறார்கள். உள்ளே முதலில் இருப்பது சமன்படுத்தும் தொட்டி. ஒவ்வொரு பட்டறையிலிருந்தும் மீட்டரைக் கடந்து குழாயில் வரும் நீர் இதில் கலக்கிறது. ஒருவரின் சிவப்பும் இன்னொருவரின் பச்சையும் சேர்ந்து, பெயர் வைக்க முடியாத ஒரு கருமையாக நிற்கும். அடுத்து நுண்ணுயிர்களுக்குக் காற்றூட்டும் தொட்டி, தெளிவிக்கும் தொட்டி, மணல் வடிகட்டி, நுண்வடிகட்டி. பிறகு ஆர்.ஓ. சவ்வுகள் அடுக்கடுக்காக. வந்த நீரில் பெரும்பங்கு இங்கே நல்ல நீராகித் திரும்பக் குழாயேறிப் பட்டறைக்கே போகிறது. மிஞ்சுவது கெட்டியான உப்புநீர்; ஜீரோ டிஸ்சார்ஜின் முழுத் தலைவலியும் அதில்தான். அதை எவாப்பரேட்டரில் கொதிக்கவைத்து வற்றடித்தால் உப்பு மிஞ்சும், ஆனால் விறகுச் செலவும் கரண்ட் பில்லும் நிலையத்தையே விழுங்கிவிடும். அருள்புரத்தில் இதற்கு ஒரு மாற்று செய்துபார்த்தார்கள். உப்புநீரிலிருந்து நிறத்தையும் கடினத்தன்மையையும் நீக்கிவிட்டு, அதை உப்புநீராகவே பட்டறைக்குத் திருப்பி அனுப்பினார்கள். சாயம் ஏற எப்படியும் உப்பு வேண்டுமே! மூட்டை உப்பு வாங்கும் செலவு குறைந்தது, வற்றடிக்க வேண்டிய நீரின் அளவும் குறைந்தது. பல நிலையங்கள் பின்னர் இவ்வழிக்கு வந்தன. ஆற்றைக் கெடுத்த அதே உப்பு, கணக்குப் புத்தகத்தில் வரவுப் பக்கத்துக்கு வந்த தருணம் அது.

இங்கே நின்று யோசிக்க வேண்டும். இந்தக் கூட்டு ஏன் பிடித்துக்கொண்டது? பட்டறைகள் சிறியவை, ஆர்.ஓ.வையும் எவாப்பரேட்டரையும் தனியாக வாங்கிப் போடும் வசதி பெரிய சிலருக்கே இருந்தது, அவர்கள் தனி நிலையம் கட்டிக்கொண்டார்கள். மற்றவர்களுக்குச் சேர்வதைத் தவிர வழியில்லை. அடுத்தது, கழிவு இங்கே லிட்டர் கணக்கில் அளக்கப்படுகிறது. யார் எவ்வளவு அனுப்பலாம் என்று பங்கு நிர்ணயமாகி, அனுப்பிய அளவுக்குப் பில் வருகிறது. ஒருவர் சொல்லாமல் கடும் கழிவை அனுப்பினால் சவ்வு அடைத்துக்கொள்ளும், எல்லோர் செலவும் ஏறும். ஆகவே அதிகாரிக்கு முன்பே பக்கத்துப் பட்டறைக்காரர் கண்டுபிடிப்பார். எல்லாவற்றுக்கும் மேலாக, நிலையம் தவறினால் உறுப்பினர் அத்தனை பேருக்கும் பூட்டு விழும். மனமாற்றம் என்ற சொல்லை இதில் எங்கும் பயன்படுத்தத் தேவையில்லாமல் இருப்பது எனக்கு ஆறுதலாகவே இருக்கிறது. மனமாற்றத்தை நம்பிக் கட்டிய அமைப்பு அடுத்த மந்தநிலையில் ஆட்டம் கண்டுவிடும்.

ஆனால் இந்தக் கூட்டின் எல்லைக்கோடு எங்கே முடிகிறது என்றும் பார்க்க வேண்டும். 2011-ல் திருப்பூர் மூடியபோது ஆர்டர்கள் காத்திருக்கவில்லை. சாயவேலை வேறு ஊர்களுக்குப் போனது. பவானி, பள்ளிபாளையம், குமாரபாளையம் பகுதிகளில் அனுமதியில்லாப் பட்டறைகளை அதிகாரிகள் இடிப்பதும், சில மாதங்களில் அவை மீண்டும் முளைப்பதும் நாளிதழ் படிக்கிறவர்களுக்குப் பழகிய செய்தி. நொய்யலுக்கு வந்த ஒழுங்கு காவிரிக் கரைக்கு அதே வேகத்தில் வரவில்லை. சுத்திகரிப்புச் செலவு கட்டும் திருப்பூர்க்காரர், கட்டாத கள்ளப்பட்டறையோடு ரேட்டில் போட்டி போட வேண்டியிருக்கிறது. சங்கத்துக்குள் இருப்பவர்களைக் கட்டும் கயிறு, சங்கத்துக்கு வெளியே இருப்பவனைக் கட்டாது.

இன்னொரு பக்கம் வெளிநாட்டு பிராண்டுகள். 2011-ல் கிரீன்பீஸ் நடத்திய பிரசாரத்துக்குப் பிறகு பெரிய ஆடை பிராண்டுகள் ஒன்றுசேர்ந்து, நச்சு ரசாயனங்களைத் தவிர்க்கும் பொதுப் பட்டியல் ஒன்றை உருவாக்கின. இன்று அந்தப் பட்டியலின்படி சோதனைச் சான்று இல்லாமல் பல ஆர்டர்கள் கிடைக்காது. நல்லதுதான். ஆனால் சான்று கேட்கும் பிராண்டு, அந்தச் சான்றுக்கான செலவைச் சட்டை விலையில் ஏற்றித் தருகிறதா? பேரம் பேசும் மேசையில் வங்கதேசத்தின் விலைதான் வைக்கப்படுகிறது. கூட்டுப் பொறுப்பு என்று சொல்லிக்கொண்டு, பொறுப்பை மட்டும் கீழே தள்ளி விலையை மேலேயே வைத்துக்கொள்வதைக் கூட்டு என்று எப்படிச் சொல்வது?

நிலையத்துக்குள்ளேயும் தீராத கணக்கு ஒன்று இருக்கிறது. ஆற்றுக்குப் போகாத கழிவு மறைந்துவிடவில்லை, வடிவம் மாறியிருக்கிறது. சேறு மூட்டை மூட்டையாகக் கொட்டகைகளில் அடுக்கப்படுகிறது, ஒரு பகுதி சிமெண்ட் ஆலைச் சூளைக்குப் போகிறது. பிரித்தெடுக்க முடியாத கலப்பு உப்புக்கு வாங்குவாரில்லை. எவாப்பரேட்டருக்கான பாய்லர் விறகையும் நிலக்கரியையும் எரித்துப் புகையாக்குகிறது. நீரைக் காப்பாற்ற எரிசக்தியைக் கொட்டுகிறோம். இதைச் சொன்னால் ஜீரோ டிஸ்சார்ஜை எதிர்ப்பதாகச் சிலர் கோபிக்கிறார்கள். எதிர்க்கவில்லை, கணக்கை முழுதாக எழுதச் சொல்கிறேன்.

இதே ஏற்பாடு பாலாற்றுப் படுகையின் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் தோல் தொழிலில் வேறு விதமாக முடிந்தது. அங்கேயும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. சொல்லப்போனால் நீதிமன்றத் தலையீடு திருப்பூருக்கு முன்பே வந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தந்த தீர்ப்பு, கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதியென அறிவித்தது. ஒவ்வொரு தோல் ஆலைக்கும் 10 ஆயிரம் ரூபாய் அபராதம் விதித்தது. இன்றைக்கும் சட்டக் கல்லூரிகளில் பாடமாக நடத்தப்படும் தீர்ப்பு அது. பாலாற்றங்கரைக்காரரைக் கேட்டால் அவர் அந்தத் தீர்ப்பை வேறு மாதிரி அளப்பார். 28 ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 2025 ஜனவரி 30 அன்று, அதே பகுதியின் அதே மாசு குறித்து உச்ச நீதிமன்றம் மறுபடியும் ஒரு நீண்ட தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. இழப்பீட்டை அரசு கொடுத்துவிட்டு ஆலைகளிடம் வசூலிக்க வேண்டும், கண்காணிக்கக் குழு அமைக்க வேண்டும் என்றது.

கூட்டு நிலையம் என்ற ஏற்பாடே ஆபத்தாகவும் முடியலாம் என்பதற்கு ராணிப்பேட்டை சாட்சி. 2015 ஜனவரி 31 அதிகாலை, சிப்காட் வளாகத்தில் தோல் ஆலைகளின் பொது நிலையத்தில் சேறு தேக்கியிருந்த தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். எல்லோருக்கும் சொந்தமான நிலையம் என்றால், சுவரில் விரிசல் தெரிந்தால் யார் பொறுப்பு? அந்த நிலையத்தில் பங்கு வைத்திருந்த முதலாளிகளுக்குக் கழிவைத் தங்கள் வளாகத்தை விட்டு அனுப்பிவிட்டதோடு கவலை முடிந்துவிட்டது. அதே சிப்காட்டில் ராத்தங்கிய தொழிலாளிக்கு முடியவில்லை.

திருப்பூருக்கும் பாலாற்றுக்கும் உள்ள வித்தியாசத்தை ரசாயனத்தை மட்டும் வைத்து விளக்க முடியாது. தோலில் குரோமியமும், பச்சைத் தோலைப் பதப்படுத்தி வைக்கும் உப்பும் சிக்கலைக் கூட்டுகின்றன என்பது உண்மை. ஆனால் பெரிய வித்தியாசம், திருப்பூரில் ஒருமுறை எல்லாம் மூடப்பட்டது, மூடியபடியே சில மாதம் இருந்தது. பாலாற்றங்கரையில் நோட்டீஸும் கெடுவும் கெடு நீட்டிப்பும் மாறி மாறி வந்தன. கெடு நீளும் என்று தெரிந்துவிட்ட தொழிலில் கூட்டுக்காகப் பணம் போடுகிறவன் ஏமாளி.

காற்று மாசிலும் இந்தக் கூட்டை அமைக்க முடியுமா என்று குஜராத்தின் சூரத்தில் 2019-ல் ஒரு சோதனை தொடங்கியது. நிலக்கரி எரிக்கும் முந்நூறுக்கும் மேற்பட்ட ஆலைகள், பெரும்பாலும் ஜவுளி சார்ந்தவை, அதில் இருந்தன. பாதி ஆலைகள் வழக்கமான விதிமுறையில் தொடர்ந்தன. மறுபாதிக்கு மொத்தமாக ஓர் உச்சவரம்பு; மாதம் முழுவதும் எல்லோரும் சேர்ந்து இவ்வளவு துகள்தான் புகைபோக்கி வழியே விடலாம். அதற்குள் குறைவாக விடுபவர் மிச்ச உரிமையைப் பக்கத்து ஆலைக்கு விற்கலாம். புகைபோக்கியிலேயே அளவுக்கருவி பொருத்தி, முன்பணம் கட்டவைத்து, மீறினால் அதிலிருந்தே பிடித்தார்கள். பொருளியல் ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு: சந்தைக்குள் வந்த ஆலைகளின் துகள் வெளியேற்றம் மற்றவற்றைவிட 20 முதல் 30 சதவீதம் குறைந்தது. முதலாளிகள் கூட்டாக நடத்தும் கம்பெனி ஒன்றுகூட இங்கே இல்லை. ஒரே அளவுகோலும், நிச்சயமான பிடித்தமும் போதுமானதாக இருந்தன. உலகிலேயே துகள் மாசுக்கான முதல் வெளியேற்றச் சந்தை இது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். கருவிகள் பழுதாகாமல் ஆண்டுக்கணக்கில் ஓடுமா என்பதை மட்டும் காலம்தான் சொல்ல வேண்டும்.

ஒருவர் கழிவு இன்னொருவருக்குச் சரக்காகும் கூட்டுக்கு இந்தியாவில் மிகப்பெரிய உதாரணம் உலைச்சாம்பல். 1996-97-ல் நாட்டின் அனல்மின் நிலையச் சாம்பலில் பயன்பட்டது 10 சதவீதத்துக்கும் குறைவு. மத்திய மின்சார ஆணையத்தின் கணக்குப்படி 2021-22-ல் சுமார் 96 சதவீதம். நடுவில் நடந்தது என்ன? 1999 செப்டம்பரில் வந்த அரசாணை, அனல்மின் நிலையத்தைச் சுற்றியுள்ள குறிப்பிட்ட தொலைவுக்குள் செங்கல் சூளைகள் சாம்பலைக் கலந்தே ஆகவேண்டும் என்றது. தொலைவு பின்னர் கூடிக்கொண்டே போனது. சிமெண்ட் ஆலைகளுக்கு அரசாணையைவிட லாபம் பெரிய தூண்டுகோலாக இருந்தது. போர்ட்லண்ட் பொசோலானா சிமெண்டில் 35 சதவீதம் வரை சாம்பல் கலக்கலாம் என்று தரவிதி அனுமதிக்கிறது. அந்த அளவுக்குக் கிளிங்கர் மிச்சம், கிளிங்கர் சுடும் எரிபொருள் மிச்சம். பயன்படுத்தாமல் விட்ட சாம்பலுக்கு டன்னுக்கு 1,000 ரூபாய் என்று 2021 டிசம்பர் அரசாணை அபராதமும் வைத்தது. கூட்டு வளர்ந்ததற்கு விருது விழாக்கள் காரணமல்ல.

ஆனால் 96 சதவீதம் என்ற எண்ணை எண்ணூருக்குக் கொண்டுபோய்க் காட்டினால் அங்குள்ள மீனவர் சிரிப்பார். கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தில், சாம்பலைச் சேறாக எடுத்துச்செல்லும் குழாய்கள் கசிந்து, அலையாத்திக் காட்டுக்கும் இறால் பிடிக்கும் இடங்களுக்கும் மேல் சாம்பல் படிந்தது. சதவீதம் ஒவ்வோர் ஆண்டும் புதிதாக உற்பத்தியாகும் சாம்பலைத்தான் கணக்கில் எடுக்கிறது. குளங்களில் முன்பே குவிந்த பழைய சாம்பலை வாங்க சிமெண்ட்காரருக்கு அவசரமில்லை. உலர்ந்த புதுச்சாம்பல்தான் அவருக்கு வேண்டும். லாபம் இழுக்கும் கூட்டு, லாபம் முடியும் இடத்தில் முடியும்.

மின்சாரத்தில் தமிழ்நாட்டு நூற்பாலைகள் கூடிச் செய்ததைப் பற்றி ஒரு சொல். முப்பந்தல், கயத்தாறு, உடுமலைப் பக்கம் சுழலும் காற்றாலைகளில் பலவற்றுக்குப் பின்னால் மின்வாரியம் இல்லை. ஜவுளி முதலாளிகள் இருக்கிறார்கள். 2005 மின்சார விதிகளின்படி, பயன்படுத்துவோர் கூட்டாக 26 சதவீதப் பங்கு வைத்து, 51 சதவீத மின்சாரத்தைத் தாங்களே பயன்படுத்தினால் அது சொந்த மின்நிலையமாகக் கருதப்படும். இந்த ஒரு விதி எத்தனையோ போட்டி ஆலைகளை ஒரே காற்றாலையின் பங்குதாரர்களாக்கியது. வருமானவரியில் கிடைத்த வேகத் தேய்மானச் சலுகையும் தாராளமாக உதவியது. பசுமைக்காக என்று சொன்னால் மில்காரரே சிரித்துவிடுவார். மின்வெட்டும் யூனிட் விலையும் அவரைக் காற்றாலைக்குத் துரத்தின. அதனால் கிடைத்த காற்றுமின்சாரம் தரத்தில் ஒன்றும் குறைந்ததல்ல.

காகிதக் கூட்டுகளுக்கு வருவோம். எரிசக்திச் சேமிப்புக்கான மத்திய அரசின் பேட் திட்டத்தில் 2012 முதல் 2015 வரை முதல் சுற்றில் 478 பெரிய ஆலைகள் இருந்தன. இலக்கைத் தாண்டி மொத்தம் 86.7 லட்சம் டன் எண்ணெய்க்கு இணையான எரிசக்தி மிச்சமானது. அதன் சான்றிதழ்ச் சந்தையைப் பாருங்கள்: சுமார் 38 லட்சம் சான்றிதழ் விற்க இருந்தது, வாங்க வேண்டிய கட்டாயம் சுமார் 14 லட்சத்துக்குத்தான். இலக்கை எளிதாக வைத்தால் சந்தை இப்படித்தான் சரியும். 2023-ல் அறிவிக்கப்பட்டுள்ள கார்பன் வணிகத் திட்டமும் அதே பள்ளத்தில் விழுமா என்பது இலக்குகளின் இறுக்கத்தைப் பொறுத்தது.

பிளாஸ்டிக்கில் இன்னும் மோசம். உற்பத்தியாளர் பொறுப்பு விதிகள் 2016-ல் வந்து, 2022-ல் விரிவான வழிமுறையும் வந்தது. பாக்கெட்டில் விற்கும் கம்பெனி, அந்த அளவு பிளாஸ்டிக்கை மறுசுழற்சி செய்தவரிடம் சான்றிதழ் வாங்கிக் கணக்கு முடிக்கலாம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தணிக்கை செய்தபோது, சுமார் 6 லட்சம் போலிச் சான்றிதழ்கள் சிக்கின. செய்யாத மறுசுழற்சியைச் செய்ததாகச் சில ஆலைகள் எழுதிக்கொடுத்திருந்தன. கழிவுநீருக்கு மீட்டர் உண்டு, புகைக்குக் கருவி உண்டு. இங்கே சான்றிதழ் எழுதியவரும் வாங்கியவரும் மட்டுமே சாட்சி. உண்மையில் பிளாஸ்டிக்கைப் பொறுக்கி எடுத்த பெண்ணுக்கு இந்தச் சந்தையில் பெயரே கிடையாது.

பங்குச்சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபி, 2022-23 தொடங்கி முதல் ஆயிரம் பட்டியலிட்ட கம்பெனிகளை நீடிப்புத்தன்மை அறிக்கை தரச்சொன்னது. சப்ளையர்களின் கணக்கையும் சேர்த்துக் காட்டவேண்டும் என்று பின்னர் சேர்க்கப்பட்டதுதான் அதில் உருப்படியான பகுதி, ஏனென்றால் பெரிய கம்பெனியின் அழுக்கு பெரும்பாலும் அவர்களுடைய ஜாப் ஒர்க் பட்டறையில்தான் இருக்கிறது. 2024 டிசம்பரில் அந்தப் பகுதியை ஓராண்டு தள்ளிவைத்து, விருப்பம் இருந்தால் போதும் என்று ஆக்கிவிட்டார்கள். 2013 கம்பெனிச் சட்டப்படி லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பொறுப்புக்கு ஒதுக்கும் பணத்தில் ஏரி தூர்வாருகிறார்கள், மரம் நடுகிறார்கள். நடட்டும். அந்த ஏரிக்குத் தங்கள் சப்ளையர் எதை அனுப்புகிறார் என்பதற்கும் அந்தப் பணத்துக்கும் தொடர்பில்லாமல் இருக்கும்வரை அதைக் கூட்டு என்று எண்ண என்னால் முடியவில்லை.

ஆகவே என் தீர்ப்பு இது. இந்தியத் தொழில்துறையில் சுற்றுச்சூழல் கூட்டு நடந்திருக்கிறது, சில இடங்களில் உலகத்துக்குக் காட்டும் தரத்திலும் நடந்திருக்கிறது. அளக்க முடிந்த கழிவும், தவறினால் எல்லோருக்கும் விழும் அடியும், தாங்கக்கூடிய செலவும் சேர்ந்த இடத்தில் நடந்திருக்கிறது. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள். ஆனால் நன்றாக நடக்கும் கூட்டிலும் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது: அது கெடுப்பவர்களின் கூட்டாக மட்டும் இருக்கிறது. திருப்பூர் நிலையங்களின் பங்குதாரர்கள் பட்டறைக்காரர்கள். எந்த ஆற்றுக்காக இத்தனை கோடி செலவானதோ, அந்த ஆற்றின் ஆயக்கட்டுக்காரருக்கு அங்கே நாற்காலி இல்லை. அவர் வழக்கு போட்டால்தான் பேச்சு கேட்கிறது. நிலையத்தின் மீட்டர் அளவுகள் இணையம் வழியே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போகின்றன. அவை ஒரத்துப்பாளையத்து விவசாயியின் கைப்பேசியிலும் தினமும் தெரியட்டும். பிராண்டுகளின் சான்றுச் செலவு சட்டைக்கு எத்தனை ரூபாய் என்று ஏற்றுமதியாளர் சங்கம் வெளிப்படையாக எழுதி, பில்லில் தனி வரியாகக் கேட்கட்டும்.

முதல் வேலையாக, பொது நிலையங்களின் இயக்குநர் குழுவில் ஆயக்கட்டு விவசாயி ஒருவருக்கும் தொழிலாளி ஒருவருக்கும் இடம் ஒதுக்குங்கள் என்று திருப்பூர்ச் சாயப்பட்டறைக்காரர்களைக் கேட்டுக்கொள்கிறேன். கம்பெனிச் சட்டப்படி இயக்குநராக இருக்கப் பங்கு வைத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. புதிய சட்டமும் வேண்டாம், நீதிமன்றமும் வேண்டாம். அடுத்த பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் போதும்.